உப்பு எந்த மாடியில்?

மூன்றாவது மாடிப் பன்னக்காவை அந்தக் கட்டடத்தில் தெரியாதவர்கள் இல்லை. சனிக்கிழமை காலை அவள் வீட்டு ஓவனிலிருந்து பன் தட்டு வெளியே வரும் நேரத்தில், படியில் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் கால் கொஞ்சம் தளர்ந்துவிடும். யாராவது ஒருவர் கதவைத் தட்டி, "அக்கா, கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா?" என்பார். வந்தவர் கையில் சூடான பன்னோடு திரும்புவார். சர்க்கரையை மறந்துவிட்டுப் போனவர்களே அதிகம்.

தெருமுனை டீக்கடைக்கு ரொட்டி போட்டுக் கொடுப்பதும், அக்கம்பக்கத்தாருக்குப் பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பதும் அவள் தொழில். இறைச்சி, முட்டை இரண்டையும் சின்ன வயதிலேயே வேண்டாம் என்று விட்டவள். அவள் சமையலறைக்குள் காய்கறிக்கும் பழத்துக்கும்தான் இடம். "முட்டை இல்லாம கேக் எப்படிக்கா உப்பும்?" என்று கேட்கிறவர்களுக்குத் தயிரையும் சோடா உப்பையும் காட்டுவாள். "இது ரெண்டையும் ஒண்ணா விட்டா சண்டை போட்டுக்கும். சண்டைன்னா மூஞ்சி உப்பத்தானே செய்யும்?"

அவள் எதையும் அளந்து செய்தவளில்லை. கடிகாரம் பார்த்ததில்லை. எல்லாம் மூக்குதான். வெளி அறையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே, "ரொட்டி கீழ்ப்பக்கம் சிவந்துடுச்சு" என்று எழுந்து போவாள். போய்ப் பார்த்தால் சிவந்திருக்கும். மழைக்காலத்துப் பருப்பு சூப்பு, குளிருக்குச் சுட்ட பூசணி, குளிர் விலகும்போது இளம் பட்டாணி, வெயில் காலத்தில் ஓவனில் வாட்டிய தக்காளி என்று வருஷமே அவள் வீட்டுக்குள் வாசனையாகத்தான் வந்து போகும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்த லிஃப்ட் எங்கே நின்றாலும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். நல்ல மனுஷர், ஆனால் பேச்சுக்கும் அவருக்கும் ஏதோ முன்பகை. கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை, "நல்லாருக்கு." காலை முழுவதும் நின்று செய்த, காய்கறி அடைத்துச் சுட்ட ரொட்டிக்கும் "நல்லாருக்கு", அவசரத்தில் வேகவைத்துப் போட்ட உருளைக்கிழங்குக்கும் "நல்லாருக்கு". "ரப்பரை வறுத்து வச்சாலும் இந்த மனுஷன் இதைத்தான் சொல்லுவாரு" என்று அவள் மகளிடம் முறையிடுவாள். மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தால் பஞ்சாயத்துத் தலைவி அவள்தான்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஊர் முழுக்க ஒரு சளிக்காய்ச்சல் சுற்றியது. கணவருக்கு வந்து இரண்டு தும்மலோடு போய்விட்டது. அவளைத்தான் படுக்கையில் தள்ளியது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும், டீக்கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டாரே என்று மாவைப் பிசைந்து, பன் தட்டை உள்ளே வைத்தாள். ஈரம் போகாத துணிகளை மடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றாள்.

கதவு இடிபட்டது. கீழ்வீட்டுத் தையல்காரி. கழுத்தில் அளவு நாடா, தலையெல்லாம் நூல் பிசிறு, மூச்சு வாங்கியது.

"அக்கா! உள்ள என்ன எரியுது? என் வீடு வரைக்கும் கருகல் நாத்தம் வருது!"

"எங்க?" என்றாள் இவள், நிஜமாகவே புரியாமல்.

திரும்பிப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால்தான் ஓவனிலிருந்து கரும்புகை சுருண்டு வந்துகொண்டிருந்தது. தையல்காரி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். தட்டில் பன்னுக்குப் பதிலாகக் கரித்துண்டுகள் வரிசையாக இருந்தன. பன்னக்கா ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து அழுத்தினாள். மூக்கு நுனியெல்லாம் கரி.

"வாசனை இல்ல" என்றாள்.

"கரிக்கட்டைக்கு ஏதுக்கா வாசனை?"

"அது இல்லடி. எதுக்குமே இல்ல."

அலமாரியைத் திறந்து காப்பித்தூள் டப்பாவை முகர்ந்தாள். கிராம்பை முகர்ந்தாள். வெனிலா பாட்டிலைக் கவிழ்த்துக் கையில் ஊற்றிக்கொண்டு முகர்ந்தாள். சோப்பை முகர்ந்தாள். சாயங்காலம் கணவர் வந்தபோது தரையெல்லாம் திறந்த டப்பாக்கள். நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவர் நிதானமாகப் பேசுகிற பெண். "காய்ச்சல்ல நரம்பு அடிபட்டிருக்கு. மெதுவா வளரும். எப்பன்னு சொல்ல முடியாது."

"வராமலும் போகுமா டாக்டர்?"

"சிலருக்கு முழுசா வராதும்மா. ஆனா தினமும் எலுமிச்சை, கிராம்பு, இப்படி நல்லாத் தெரிஞ்ச நாலு பொருளை முகர்ந்து பாருங்க. ஒண்ணும் தெரியலைன்னாலும் விடாதீங்க. மூக்குக்குப் பாடம் நடத்துற மாதிரி."

பாடம் நடந்தது. மாணவன்தான் தூங்கிக்கொண்டிருந்தான். டீக்கடைக்கு ரொட்டி இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டாள். ஓவன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, அதன் மேல் வெங்காயக் கூடையை வைத்துவிட்டாள். மூக்கோடு நாக்கும் மரத்துப்போயிருந்ததால் எதைத் தின்றாலும் ஈரக் காகிதத்தை மெல்லுவது போலிருந்தது. கடமைக்கு ஒரு சூப்பு, கடமைக்கு ஒரு பொரியல். கணவர் எப்போதும் போல் உட்கார்ந்து, சாப்பிட்டு, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த நாட்களில் ஒரு முறை தையல்காரி தலைவலி என்று படுத்திருந்தாள். இவள் ஒரு கிண்ணம் காரட் சூப்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். தையல்காரி ஒரு வாய் வைத்தாள். கண் இரண்டும் விரிந்தன.

"என்னக்கா இது? கடல்லேருந்து நேரா மொண்டுட்டு வந்தியா?"

"உப்பு அதிகமா?"

"அதிகமாவா? இதுல ஊறுகாயே போடலாம்!"

மாடிப்படி ஏறும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. அதே சூப்பைத்தான் நேற்றிலிருந்து கணவரும் குடித்துக்கொண்டிருக்கிறார். அதற்கு முந்திய நாள் வைத்தது எப்படி இருந்ததோ? மேஜைக்கு முன்னால் அவர் ஸ்பூனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய செம்பு நிறையத் தண்ணீர்.

"ஏங்க, இதையா ரெண்டு நாளா குடிக்கிறீங்க?"

அவர் ஸ்பூனைப் பார்த்தார். "உனக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு..."

"உப்புன்னு ஒரு வார்த்தை வாயில வராதா? எனக்கு மூக்கு போச்சு. உங்களுக்கு நாக்குமா போச்சு?" அதுவரை அழாதவள் அழுதாள். "இத்தனை வருஷம் நீங்க பேசாம இருந்தீங்க, சரி, எனக்கு மூக்கு இருந்துச்சு, நான் பாத்துக்கிட்டேன். இப்ப எனக்கு யாரு சொல்லுவா? உங்க நாக்கைக் கொஞ்ச நாளைக்குக் கடன் குடுங்க. வாயை மூடிக்கிட்டு இருக்கற நாக்கு எனக்கு வேணாம்."

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, பானையை எடுத்துப் போய்ப் பாதிச் சூப்பைக் கொட்டிவிட்டுத் தண்ணீரையும் பாலையும் ஊற்றி அடுப்பில் வைத்தார். கொதித்ததும் அதை வாயில் வைத்துப் பார்த்தார்.

"நல்லா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கூரையைப் பார்த்தார். வார்த்தை அங்கேயிருந்துதான் இறங்கி வரவேண்டும் போல. "இப்ப உப்பு கம்மி."

"எவ்வளவு கம்மி?"

"அதை எப்படிச் சொல்றது... லிஃப்ட் ரெண்டாவது மாடியில நிக்குது. நாலாவதுக்குப் போகணும்."

அவள் ஒரு சிட்டிகை போட்டாள். "இப்ப?"

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு."

காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். இன்னும் நாலு கல் உப்பு விழுந்தது. "வந்துடுச்சு. கதவு திறந்துடுச்சு" என்றார் அவர், தாமே ஓட்டிக்கொண்டு வந்தது போல.

அன்றிலிருந்து அந்த வீட்டில் புது பாஷை. புளிப்புக்கு ஒரு லிஃப்ட், இனிப்புக்கு ஒரு லிஃப்ட். தரைத்தளம் என்றால் சப்பென்று இருக்கிறது. மொட்டை மாடி என்றால் அளவு மீறி, வாயில் வைக்க முடியாது. முதலில் அவர் பரீட்சைக்குப் போகிற பையனைப் போல வியர்த்தார். பிறகு ருசி பிடித்துப்போயிற்று. வேலை நடுவில் போன் செய்து, "காலையில வச்ச பீன்ஸ்ல எலுமிச்சை ஒரு மாடி ஏறியிருக்கலாம். அப்பவே சொல்ல மறந்துட்டேன்" என்கிற அளவுக்குப் போனது.

ஆண்டிறுதி விடுமுறைக்கு மகள் வந்தாள். ஒரு நாள் முழுக்க அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவிடம் கிசுகிசுத்தாள். "அம்மா, அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? நான் வந்ததுலேருந்து பேசிக்கிட்டே இருக்காரு."

"நான்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன். அனுபவிக்கிறேன்."

மகள் கண்ணில் வெங்காயக் கூடையும் அதற்கடியில் ஓவனும் பட்டன. "வருஷக் கடைசியில கேக் இல்லாத வீடா? அம்மா, இந்தக் கூடையை எடு."

"போடி. மூக்கு இல்லாம கேக் போட்டா மறுபடியும் புகைதான் வரும்."

"காது இருக்கில்ல" என்றார் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "மெஷினுக்கு எங்க எண்ணெய் காஞ்சிருக்கு, எங்க நட்டு தளர்ந்திருக்குன்னு நான் பாத்தா கண்டுபிடிக்கிறேன்? கேட்டுத்தான். கேக்கும் வேகற பொருள்தானே. சத்தம் போடாமலா இருக்கும்?"

கூடை இறங்கியது. உலர்ந்த திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட கேக் உள்ளே போனது. மகள் மணி பார்த்தாள். பன்னக்கா கண்ணாடிக் கதவு வழியே நிறம் பார்த்தாள். அவர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். மேல்பக்கம் பழுப்பேறியதும் வெளியே எடுத்தாள். அவர் குனிந்து, காதைக் கேக் தகரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஷ்ஷ். உள்ள கல்யாணக் கூட்டம் மாதிரி சலசலன்னு பேசிக்கிட்டிருக்காங்க. இன்னும் வேகல."

மறுபடி உள்ளே போய், மறுபடி வெளியே வந்தது. இந்தத் தடவை அவளும் காதை வைத்தாள். உண்மைதான். மாவின் குமிழிகள் மெல்லிசாக முணுமுணுத்துக்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் கேக் போட்டவளுக்குக் கேக் பேசும் என்று தெரியாது. மூக்கு அத்தனை சத்தமாக இருந்தபோது காதுக்கு என்ன வேலை?

"இப்ப ரெண்டு பேர்தான் பேசறாங்க. விடை வாங்கிக்கிட்டுப் போறாங்க. எடுத்துடு" என்றவர் நிமிரும்போது காது மடல் தகரத்தில் பட்டுச் சிவந்துவிட்டது. மகள் வெண்ணெய் தடவினாள். "கேக்குக்குப் போக மீதி" என்று பன்னக்கா சிரித்தாள். வெட்டிப் பார்த்தால் கேக் பதமாக வெந்திருந்தது.

அந்தத் துணிச்சலில் மறுநாள் பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்தாள். அங்கேதான் சறுக்கியது. கிராம்புப் பொடி என்று நினைத்து மிளகுப் பொடியைப் போட்டுவிட்டாள். இரண்டும் ஒரே மாதிரி டப்பா. முகர்ந்தால்தானே வித்தியாசம் தெரியும்? முதல் பிஸ்கட்டைக் கடித்த மகள் இருமினாள். கணவர் கடித்தார், மென்றார், யோசித்தார்.

"ஏங்க, எப்படி இருக்கு?"

"இது எந்த மாடின்னு தெரியல. ஆனா கட்டடம் நல்லாருக்கு."

அவளும் ஒன்றைக் கடித்தாள். ஈரக் காகிதம் என்று நினைத்துத்தான் கடித்தாள். மென்று விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஒரு சூடு பரவியது. ருசி இல்லை, வாசனை இல்லை, சூடு. மாதக்கணக்கில் செத்துக் கிடந்த வாய்க்குள் ஏதோ நடந்தது. அவள் இன்னொன்று எடுத்தாள். மற்றொன்றும்.

குளிருக்கு அந்தப் பிஸ்கட் அத்தனை பொருத்தமாக இருந்தது. தையல்காரி தட்டோடு கீழே எடுத்துப்போய்விட்டாள். துணி தைக்க வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள். அதில் ஒருவர் டீக்கடைக்காரரிடம் சொல்ல, அவர் படியேறி வந்து நின்றார். "தப்பா செஞ்சதே இப்படின்னா, அந்தத் தப்பையே தினமும் செஞ்சு குடுங்கம்மா. அப்படியே ரொட்டியும்."

ரொட்டியும் திரும்பியது. வெந்த ரொட்டியின் அடிப்பக்கத்தைத் தட்டினால் காலிப் பெட்டி போல் ஒலிக்க வேண்டும். அதையும் அவள் கற்றுக்கொண்டாள்.

குளிர் விலகி, சந்தையில் இளம் பட்டாணி வந்த நாட்களில் மூக்கு விழித்துக்கொண்டது. ஆனால் கெட்ட கனவிலிருந்து எழுந்தவனைப் போல உளறிக்கொண்டே விழித்தது. காப்பி டயர் எரிகிற நாற்றம் அடித்தது. வதக்கிய வெங்காயம் செத்த எலியாக நாறியது. தன் வீட்டுச் சமையலறையிலிருந்து தானே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். இதற்கு வராமலே இருந்திருக்கலாம் என்று அழாத குறை.

"இது நல்ல அறிகுறி. நரம்பு வழி தேடுது" என்றார் மருத்துவர்.

"கரென்ட் போய்த் திரும்பி வரும்போது லிஃப்ட்ல எல்லா பட்டனும் ஒண்ணா எரியும். கொஞ்ச நேரத்துல தானா அடங்கும்" என்றார் கணவர். இரண்டு பேச்சில் எது அவளைத் தேற்றியது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வசந்தம் முழுக்க அவள் வீட்டில் ஆறிய சாப்பாடுதான். வெள்ளரிக்காயைத் துருவித் தயிரில் போட்டது, வேகவைத்து ஆறவிட்ட உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணியை மசித்து ரொட்டியில் தடவியது. சூடில்லாவிட்டால் நாற்றமும் குறைவு. ஆனால் கணவருக்கு வெங்காயம் இல்லாமல் சாப்பாடு இறங்காது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வெங்காயத்தை வாணலியில் நறுக்கிப் போட்டு, எண்ணெயை ஊற்றி, அப்படியே கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கித் தையல்காரி வீட்டு அடுப்பில் வதக்கி, அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு வருவார்.

"அண்ணே, ஊர்ல ஆம்பளைங்க எதை எதையோ ஒளிச்சுத் தின்னுட்டு வீட்டுக்குப் போவாங்க. நீங்க வெங்காயம் தின்ன வர்றீங்க" என்றாள் தையல்காரி.

"வாயைக் கொப்புளிச்சுட்டுத்தான் மேல போகணும். தண்ணி குடும்மா."

வெயில் காலத்தில், மகளுக்கு நீண்ட விடுமுறை விட்டிருந்த சமயம், ஒரு காலை வேளையில் பன்னக்கா சமையலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாளிக்குள் மாப்பை முக்கிப் பிழிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு போட்டாள் ஒரு சத்தம்.

"ஏங்க! ஓடி வாங்க! நாறுதுங்க!"

மகள் ஓடி வந்தாள். கணவர் ஷேவிங் நுரையோடு ஓடி வந்தார். கீழேயிருந்து தையல்காரி ஊசியும் கையுமாக ஏறி வந்தாள், மறுபடி புகையோ என்று.

"மோந்து பாருங்க. ஊறிப்போன துணி நாத்தம்தானே? புழுங்கின நாத்தம்தானே? எலி இல்லையே, டயர் இல்லையே?"

அவர் முகர்ந்தார். நுரை மாப்பில் ஒட்டிக்கொண்டது. "அசல் மாப்பு நாத்தம்" என்று சான்று கொடுத்தார்.

"இதுக்கா என்னை மாடி ஏறி ஓடி வர வச்ச?" என்ற தையல்காரி, சொல்லி முடிக்கும் முன்பே அவளைக் கட்டிக்கொண்டாள். மகள் மாப்பைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பால்கனியில் வைத்தாள். அதை யாரும் ஒரு வாரத்துக்கு அலசக் கூடாது என்று அம்மா தடை போட்டுவிட்டாள்.

அடுத்தடுத்து ஒவ்வொன்றாக வந்தன. தக்காளிக் காம்பின் பச்சை வாசனை. எலுமிச்சைத் தோல். காப்பி டயரை விட்டு இறங்கி மறுபடி காப்பியானது. வெங்காயம் மேல்வீட்டுக்குத் திரும்பியது. தையல்காரிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். எல்லாம் வந்துவிடவில்லை. வெனிலா இன்று வரை வரவில்லை. பாட்டிலைத் திறந்தால் வெறும் தண்ணீர். வாசனைகளுக்கு முன்னைப் போல் அழுத்தமும் இல்லை. பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல மெல்லத்தான் கேட்கின்றன. அதனால் கணவரின் வேலை போகவில்லை. அவளும் போகவிடவில்லை.

இதில் ஒரு தொல்லை உண்டு. திறந்த வாயை அவருக்கு மூடத் தெரியவில்லை. உறவுக்காரர் வீட்டு விருந்தில் எல்லோரும் "பிரமாதம், பிரமாதம்" என்று சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர், "கத்திரிக்காய் அருமை. சூப்புலதான் உப்பு மொட்டை மாடிக்குப் போயி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பாக்குது" என்றார். மேஜைக்கடியில் அவள் கிள்ளிய இடம் நீலம் பாரித்துவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

"உண்மையைத்தானே சொன்னேன்?"

"ஊரார் வீட்டு உண்மை நமக்கு எதுக்கு? அங்க 'நல்லாருக்கு' போதும். என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்க."

அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார். "சரி. காலையில நீ போட்ட ரொட்டி கொஞ்சம் காஞ்சுபோயிருந்துச்சு."

"தெரியும்" என்றாள் அவள். "சொல்றீங்களான்னு பாத்தேன்."

மழைக்கு முன்னால் காற்று குளிர ஆரம்பித்த ஒரு விடுமுறை நாளில் இருவரும் சந்தைக்குப் போனார்கள். அவள் ஒரு பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து, தோலைக் கீறி முகர்ந்து, "இதுதான்" என்றாள். கைக்குழந்தை கனம் இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கனம். தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டடத்து வாசலில் லிஃப்ட் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: பழுது.

"ஊர் லிஃப்டெல்லாம் ஓட வைக்கிறவர் வீட்டுல இந்தக் கதி" என்றாள்.

"இன்னிக்கு எனக்கு லீவு" என்று சொல்லிவிட்டுப் படியேறத் தொடங்கினார். முதல் மாடியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். கதவு திறந்தது. "அடேயப்பா, இதை யாரு திங்கப் போறது?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். "நீங்களும்தான்" என்றாள் அவள். இரண்டாவது மாடியில் தையல்காரி அளவு நாடாவைக் கொண்டுவந்து பூசணிக்கு இடுப்பளவு எடுத்தாள். "இதுக்குச் சட்டை தைக்கணும்னா ரெண்டு மடங்கு துணி வேணும்."

மேலே வந்து அறுத்தபோது உள்ளே நல்ல செம்மஞ்சள் சதை. பாதி சூப்புக்குப் போனது, பாதி துருவப்பட்டு இனிப்பு ரொட்டிக்குப் போனது. விதைகளைக் கழுவி உப்புப் புரட்டி வறுத்தார்கள். சாயங்காலத்துக்குள் படிக்கட்டில் கிண்ணங்கள் இறங்கின. காலிக் கிண்ணங்கள் ஏறின. சில கிண்ணங்கள் காலியாக வராமல் திராட்சையும் ஒரு பாட்டில் ஜாமும் வைத்துக்கொண்டு வந்தன. வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. அவர் மேஜையிலேயே கையை மடித்து வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தார். அவள் இன்னொரு துண்டு ரொட்டி வெட்டி, வெண்ணெய் தடவி, ஜன்னலோரம் நின்று நிதானமாகச் சாப்பிட்டாள்.